கார்டு மேசை நாகரிகம்: விட்டுக்கொடுப்பதா, வேறு ஏதாவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இருக்கிற நம் வீடுகளில் இந்தப் புகார் அடிக்கடி காதில் விழுகிறது. பையன் சனிக்கிழமை கார்டு கடையில் டிரேடிங் கார்டு போட்டி ஆடிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறான், என்னடா என்று கேட்டால் "எதிரே ஆடினவனுக்கு ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்பே இல்லை" என்கிறான். சரி, அவன் என்னதான் செய்தான்? "வைத்த கார்டைத் திரும்ப எடுக்க விடவில்லை." "கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய கார்டு இருக்கிற மாதிரி நடித்தான்." "சின்ன விஷயத்துக்கெல்லாம் ஜட்ஜைக் கூப்பிட்டான்." இந்த மூன்றிலும் தப்பே கிடையாது. ஆனால் "நீ தோற்றதாகக் கொடுத்துவிடு, எனக்குப் பரிசாகக் கிடைக்கிற கார்டு பாக்கெட்டில் பாதி உனக்கு" என்று சிரித்துப் பேசினவனைப் பற்றி அதே பையன் ரொம்ப நல்ல அண்ணன் என்று சொல்வான். போட்டியிலிருந்தே வெளியேற்றக்கூடிய குற்றம் அதுதான்.

இவ்வளவு தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஆட வருகிற பிள்ளைகளுக்கும், அவர்களைக் காரில் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்து.

## இது எந்த மாதிரி ஆட்டம்

டிரேடிங் கார்டு கேம் என்றால் ஆளுக்கொரு கார்டுக் கட்டைத் தானே சேர்த்து, தானே அமைத்துக்கொண்டு வந்து ஆடும் ஆட்டம். அந்தக் கட்டைத்தான் டெக் என்கிறார்கள். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய மேஜிக்: தி கேதரிங் இந்த வகையைத் தொடங்கிவைத்தது. 1996-இல் ஜப்பானில் போக்கிமான் கார்டுகள் வந்தன, 1999-இல் யூ-கி-ஓ. போக்கிமான் டெக்கில் சரியாக 60 கார்டு இருக்க வேண்டும், மேஜிக்கில் பொதுவாகக் குறைந்தது 60, யூ-கி-ஓவில் 40 முதல் 60 வரை. மேஜிக்கில் மட்டும் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு கார்டுகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு கார்டிலும் அதற்கென்று ஒரு சின்ன விதி அச்சிட்டிருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

## நமக்குத் தெரிந்த துனியிலிருந்து பார்ப்போம்

1860-இலிருந்து நட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சத்தில் துனி என்ற சீட்டாட்டம் ஆடாத வீடு குறைவு. நான்கு பேர், இரண்டு ஜோடி, 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. போட்ட இனத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேறு இனத்தைப் போட்டு மாட்டினால் எதிர்க்கட்சிக்கு நாலு பால் (துனியில் புள்ளிக்குப் பால் என்று பெயர்). வீட்டுக்கு வீடு சில விதிகள் மாறினாலும் இந்த நாலு பால் பயம் எல்லாருக்கும் தெரியும். மேசையைத் தட்டுவார்கள், கேலி செய்வார்கள், ஜோடியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறானா என்று எதிர்ப்பக்கம் முறைத்துக்கொண்டே இருக்கும்.

துனியில் ஏமாற்றுவது ஏன் கஷ்டம்? சீட்டு 24-தான், எல்லாருக்கும் மனப்பாடம், சுற்றி எட்டுக் கண்கள். ஆட்டம் முடிந்து சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் யார் எதைப் போட்டார் என்று தெரிந்துவிடும். அதாவது காவல் வேலையை ஆட்டமே பார்த்துக்கொள்கிறது. ஆட்டக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் கவலையில்லை.

டிரேடிங் கார்டு மேசையில் இந்தக் காவல் இல்லை. இரண்டே பேர், எதிராளியின் 60 கார்டில் பாதியை நீங்கள் முன்னே பின்னே பார்த்திருக்கவே மாட்டீர்கள், அதன் விதியை அவர் படித்துச் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது, ஒரு பெரிய கூடத்தில் ஐம்பது மேசைக்கு நாலைந்து ஜட்ஜ் இருந்தாலே அதிகம். அப்படியானால் ஆட்டத்தைக் காப்பது யார்? ஆடுகிற அந்த இரண்டு பேர்தான்.

## ஆட்ட நிலை: மரியாதை வேலை செய்யும் இடம்

இந்த நிமிடத்தில் யாருக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, எந்தக் கார்டு மேசையில் இருக்கிறது, எது செத்துப்போய்க் குவியலில் கிடக்கிறது, யார் முறை, அந்த முறையில் எந்தக் கட்டம் என்பதையெல்லாம் சேர்த்து ஆட்ட நிலை என்று சொல்லலாம். சதுரங்கத்தில் இது பலகையிலேயே தெரிகிறது. இங்கே பெரும்பகுதி இரண்டு பேர் மனதில் இருக்கிறது. நான் உங்களுக்கு 12 புள்ளி என்று நினைக்க, நீங்கள் உங்களுக்கு 14 என்று நினைத்தால், நாம் ஆளுக்கொரு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அது தெரியவரும்போது ஐந்து முறை கடந்துபோயிருக்கும், பின்னால் போய்ச் சரிசெய்ய வழியே இருக்காது.

நல்ல ஆட்டக்காரர்களின் பழக்கங்களைக் கவனித்துப் பாருங்கள். கார்டை வைக்கும்போது பெயரைச் சொல்லி வைக்கிறார்கள், புதிய கார்டு என்றால் எதிராளி படிக்கும்படி அவர் பக்கம் திருப்பி வைக்கிறார்கள், "இதற்குப் பதில் ஏதாவது செய்கிறாயா?" என்று ஒரு கணம் நிற்கிறார்கள், புள்ளி மாறும்போதெல்லாம் இரண்டு பேருடைய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக் காகிதத்தில் எழுதுகிறார்கள். பகடைக்காயில் புள்ளி வைத்திருந்தால் கை பட்டு உருண்டுவிடும், காகிதத்தில் பழைய எண்ணும் இருக்கும் என்பதால் தகராறு வந்தால் எங்கே தப்பியது என்று கண்டுபிடிக்கலாம். பார்க்கிறவருக்கு இது வெறும் பணிவு மாதிரி தெரியும். அந்தப் பணிவுதான் இரண்டு மனதிலும் ஒரே ஆட்டம் ஓடும்படி வைத்திருக்கிறது.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எதிராளி தப்பாக ஆடினால் சொல்ல வேண்டுமா? விதி மீறலானால் சொல்லியே ஆக வேண்டும், அது உங்களுக்குச் சாதகமான மீறலானாலும் சரி. பார்த்துவிட்டு லாபத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், மேஜிக் போட்டி விதிப்படி உங்கள் பேரில் ஏமாற்று வேலை என்று வந்து நிற்கும். ஆனால் அவர் தன் கார்டு தானாகத் தரும் பலனை எடுக்க மறந்துவிட்டால் (இதை ட்ரிகர் என்பார்கள், ஒரு சம்பவம் நடந்ததும் தானே கிளம்பும் விளைவு) மேஜிக்கில் நீங்கள் நினைவுபடுத்தத் தேவையில்லை. தன் ட்ரிகரைத் தான் பார்த்துக்கொள்வதும் திறமையில் சேர்த்தி. ஆனால் தனக்கே பாதகமான ட்ரிகரை வேண்டுமென்றே மறந்த மாதிரி இருக்கக் கூடாது. மற்ற விளையாட்டுகளில் கோடு கொஞ்சம் வேறு இடத்தில் இருக்கலாம், போவதற்கு முன் அந்தந்த விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: இந்த மேசையில் காவலாள் கிடையாது, ஆட்ட நிலை இரண்டு பேர் பொறுப்பு, சொல்லிச் சொல்லி ஆடுவது அதைக் காக்கும் வழி.

## பொய் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லக் கூடாது, இரண்டும் உண்டு. எதைப் பற்றி என்பதுதான் கேள்வி.

மேஜிக்கின் போட்டி விதிகள் தகவலை வகை பிரிக்கின்றன. நுணுக்கத்தை விட்டுவிட்டு மூன்றாக வைத்துக்கொள்வோம். முதலாவது வெளிப்படைத் தகவல்: உயிர்ப்புள்ளி எவ்வளவு, மேசையில் முகம் தெரிய இருக்கும் கார்டின் பெயர் என்ன, இப்போது எந்தக் கட்டம். கேட்டால் முழுசாக, உண்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது கணக்குப் போட்டு எடுக்கும் தகவல்: மூன்று விளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பிறகு மேசையில் இருக்கும் ஒரு உயிரினக் கார்டின் பலம் எவ்வளவு என்பது போல. பெரிய போட்டியில் "நீயே கணக்குப் போட்டுக்கொள்" என்று சொல்ல உரிமை உண்டு, தப்பான எண்ணைச் சொல்ல உரிமை இல்லை. கடை அளவிலான சாதாரணப் போட்டியில் இதையும் வெளிப்படைத் தகவலாகவே நடத்த வேண்டும், கேட்டால் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது மறைவுத் தகவல்: உங்கள் கையில் இருக்கும் கார்டுகள். அதைப் பற்றி மௌனம் காக்கலாம், நடிக்கலாம், கையில் இல்லாததை இருக்கிற மாதிரி காட்டலாம்.

அதனால் அந்தப் பையனின் இரண்டாவது புகார் நிற்காது. எதிராளி மறைவுத் தகவலில் விளையாடியிருக்கிறார், அதற்காகத்தானே கார்டை முகம் மறைத்துப் பிடிக்கிறோம்! அதே ஆள் சிரித்த முகத்தோடு, தன் மேசையில் இருக்கும் உயிரினத்தின் பலம் ஐந்தாக இருக்கும்போது மூன்று என்று சொல்லியிருந்தால் அது சுத்த அயோக்கியத்தனம். குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும்.

## "ஐயோ, திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?"

கார்டை வைத்த கையோடு மனசு மாறுகிறது. விட வேண்டுமா கூடாதா என்று கடைகளில் தினமும் சண்டை. இதற்கு ஒரே ஒரு அளவுகோல் போதும்: வைத்ததற்கும் திரும்பக் கேட்டதற்கும் நடுவே எதிராளிக்குப் புதிதாக ஏதாவது தெரியவந்ததா?

கார்டை வைத்தார், நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, முகம்கூட மாறவில்லை, உடனே "இல்லை இல்லை, அது வேண்டாம், இதை வைக்கிறேன்" என்கிறார். அவருக்குப் புதுத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை. இந்த மாதிரி சமயத்தில் மேஜிக் விதிகள்கூட ஜட்ஜ் அனுமதிக்கலாம் என்றே சொல்கின்றன. ஆனால் கார்டை வைத்ததும் நீங்கள் பதில் கார்டை எடுக்கக் கையை நகர்த்தினீர்கள், அல்லது நிம்மதியாக மூச்சு விட்டீர்கள், அதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்கிறார் என்றால் அவர் உங்கள் மறைவுத் தகவலில் ஒரு துண்டை இலவசமாக வாங்கிக்கொண்டார். இப்போது விட்டுக்கொடுத்தால் ஆட்டமே கோணலாகும். முடியாது என்று சொல்வது உங்களுடைய உரிமை மட்டுமல்ல, அதில் முரட்டுத்தனம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. "மன்னிக்கணும், நான் ஏற்கெனவே பதிலுக்குக் கையை எடுத்துவிட்டேன், அப்படியே போகட்டும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

வீட்டில் தம்பி தங்கையோடு ஆடும்போது பத்துத் தடவை திரும்ப எடுக்கவிடுங்கள், அங்கே கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம். போட்டி மேசை வேறு.

## பின்னால் நிற்கிற அண்ணன்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பையன் ஆடிக்கொண்டிருக்கிறான், எதிரே ஒரு ஜூலு பையன் அல்லது ஆஃப்ரிகான்ஸ் பேசும் பெண், இருவரும் ஆங்கிலத்தில் ஆடுகிறார்கள். பின்னால் பெரியப்பா மகன் நின்று தமிழில் இரண்டு வார்த்தை சொல்கிறான். "பசிக்குதா?" என்று கேட்டிருக்கலாம். "நீல கார்டை வை" என்றும் சொல்லியிருக்கலாம். எதிரே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆட்டத்தின் நடுவே வெளியாளிடமிருந்து யோசனை வாங்குவதை வெளி உதவி என்பார்கள், மேஜிக்கின் கண்டிப்பான போட்டிகளில் இதற்கு அந்த ஆட்டத் தொடரையே இழக்கும் தண்டனை உண்டு. சொல்லிக்கொடுக்கிறவருக்கும் தண்டனை பொருந்தும். துனியில் ஜோடிக்குக் கண்ணைக் காட்டுவதை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான். குற்றமே செய்யாவிட்டாலும், புரியாத மொழியில் பேச்சு வந்தால் எதிராளியின் நிம்மதி போய்விடுகிறது. மேசையில் ஆட்டம் நடக்கும்வரை இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில் பேசுங்கள், வீட்டுப் பேச்சு தேவைப்பட்டால் ஜட்ஜிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள். நம் மொழியை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை, மேசையைத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

## கை, எண்ணெய், அடுத்தவர் கார்டு

பன்னி சௌ சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள். ரொட்டிக்குள் ஊற்றின ஆட்டுக்கறிக் குழம்பு விரல் இடுக்கில் நிற்கும், கார்டு என்பது அட்டைதான், எண்ணெய் பட்டால் கறை போகாது. இறக்குமதியாகி ராண்டில் விலை ஏறி நம் கைக்கு வருகிற பொருள், சில கார்டுகள் ஒரு வாரத்து மளிகைச் செலவைத் தாண்டும். கார்டைப் போட்டுவைக்கிற பிளாஸ்டிக் உறைக்கு ஸ்லீவ் என்று பெயர், அது இருந்தாலும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

அடுத்தவர் கார்டைத் தொடும் முன் "பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஒரு விலக்கு: ஆட்டம் தொடங்கும் முன் எதிராளி தன் டெக்கைக் கலக்கி உங்கள் முன்னால் வைப்பார், அதை நீங்கள் கலைத்தோ வெட்டியோ கொடுப்பது விதிப்படியான வேலை. வெட்டினால் அவரை நம்பவில்லை என்று ஆகாது. எல்லா டெக்கையும் எல்லாத் தடவையும் வெட்டுகிற பழக்கம் இருந்தால் யார் மனதும் புண்படாது, ஒருவரிடம் மட்டும் வெட்டினால்தான் சந்தேகம் மாதிரி இருக்கும். கலைக்கும்போது வளைக்காமல் கலைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

## நேரமும் பேரமும்

கடைப் போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கும். 1895-இல் ஜூரிக்கில் ஒரு சதுரங்கப் போட்டியில் பயன்படுத்தியதால் வந்த பெயர். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, எல்லாரும் எல்லாச் சுற்றும் ஆடுகிறார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். புள்ளி சமமாக வந்தால், நீங்கள் யாரோடெல்லாம் ஆடினீர்களோ அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதும் கணக்கில் வரும்.

இந்த முறை தெரிந்தால் இரண்டு விஷயம் விளங்கும். ஒரு சுற்று மேஜிக்கில் வழக்கமாக 50 நிமிடம். அந்த நேரம் இரண்டு பேருக்கும் பொதுவானது. யோசிக்கத் தெரியாமல் இழுப்பது மெதுவாட்டம், எச்சரிக்கையோடு போகும். ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டோம், மணி அடிக்கும்வரை தள்ளிவிடலாம் என்று வேண்டுமென்றே இழுத்தால் அது வேறு வகை, போட்டியை விட்டே அனுப்பிவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் எதிராளி இழுக்கிறார் என்று தோன்றினால் சண்டை வேண்டாம், ஜட்ஜை வந்து பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். லோட் ஷெடிங்கில் விளக்கு போய்விட்டால் கார்டுகளை அப்படியே விட்டுக் கையை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், விட்ட நிமிடங்களைச் சேர்த்துத் தருவதை நடத்துகிறவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று பேரம். ஆட்டத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. மேஜிக்கில் இரண்டு பேரும் பேசி டிரா என்று முடித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது (எல்லா விளையாட்டிலும் அப்படியில்லை). பரிசைப் பிறகு பங்கிட்டுக்கொள்வதும்கூட அனுமதிதான். ஆனால் முடிவுக்கு விலை பேசக் கூடாது. "விட்டுக்கொடு, பாக்கெட் தருகிறேன்" என்ற அந்த ஒரு வாக்கியம் லஞ்சம். "பகடை உருட்டி யாருக்கு வெற்றி என்று பார்ப்போம்" என்பதும் தடை. இரண்டு பேரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பார்கள். ஸ்விஸ் முறையை இப்போது நினைத்துப் பாருங்கள்: உங்கள் மேசையில் விலைக்கு வாங்கிய முடிவு, நான்கு மேசை தள்ளி நேர்மையாக ஆடிக்கொண்டிருக்கிற ஒருவரை எட்டாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளுகிறது. அவரை யாருமே கேட்கவில்லை.

அதே காரணத்துக்காகத்தான், நடுவில் வீட்டுக்குப் போவதானால் நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதும். சொல்லாமல் போனால் அடுத்த சுற்றில் ஒருவர் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

சுருக்கமாக: நேரம் பொது, முடிவு விற்பனைக்கு இல்லை, உங்கள் மேசையில் நடப்பது கூடம் முழுக்கப் பாதிக்கும்.

## ஜட்ஜைக் கூப்பிடுவது

நம் ஆட்களுக்கு இதில் பெரிய தயக்கம், கூப்பிட்டால் எதிராளியைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று. ஜட்ஜ் என்பவர் முதலில் விதி தெரிந்த ஆள், தண்டனை அதற்கப்புறம்தான். மேஜிக்கில் கடை அளவுப் போட்டிகளில் அவருடைய முதல் வேலையே கற்றுக்கொடுப்பது. கையை உயர்த்தி "ஜட்ஜ்" என்று கூப்பிடுங்கள், வருகிறவரை கார்டுகளை நகர்த்தாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள், எதிராளி சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். "இவன் ஏமாற்றுகிறான்" என்று தொடங்க வேண்டாம். ஏமாற்று என்ற சொல்லுக்கு அங்கே ஒரு கனமான அர்த்தம் உண்டு: விதியை மீறுகிறோம் என்று தெரிந்தே, லாபத்துக்காக மீறுவது. தெரியாமல் செய்த தப்பு அதில் சேராது, கார்டு மேசையில் நடக்கிற தப்புகளில் பெரும்பாலானவை தெரியாமல் நடப்பவைதான்.

## தோற்ற பிறகு

"குட் கேம்" என்று சொல்வதை ஒரு சடங்காக்கிவிட்டோம். அதை முதலில் சொல்ல வேண்டியவர் தோற்றவர் என்று நினைக்கிறேன், ஜெயித்தவர் முந்திக்கொண்டு கையை நீட்டினால் சிலருக்கு அது குத்துகிற மாதிரி இருக்கும். இது விதி இல்லை, என் அபிப்பிராயம். தோற்றவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். "உனக்கு அதிர்ஷ்டம், நல்ல கார்டாக வந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உண்மையாகவே இருந்தாலும் எதிராளி யோசித்த யோசனையைக் குப்பையில் போடுகிற பேச்சு.

பெயரிலேயே டிரேடிங் இருப்பதால் கார்டு மாற்றிக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேசையில் தங்கமாக நடந்துகொள்கிற சிலர் இங்கேதான் வேறு ஆளாகிவிடுகிறார்கள். விலை தெரியாத சின்னப் பிள்ளையிடமிருந்து விலை உயர்ந்த கார்டை மலிவான பளபளப்புக் கார்டுக்கு மாற்றி வாங்குவதைச் சுறா வேலை என்பார்கள். பிள்ளை சந்தோஷமாகச் சம்மதித்தான் என்பது பதிலாகாது, அவனுக்கு வெளிப்படைத் தகவலே கிடைக்கவில்லையே. இரண்டு கார்டின் விலையையும் போனில் திறந்து அவன் கண்ணுக்கு முன்னால் காட்டுங்கள், மூலை மடங்கியோ கீறியோ இருந்தால் ஸ்லீவிலிருந்து எடுத்துக் காட்டுங்கள், அம்மாவோ அப்பாவோ கடையில் இருந்தால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "அங்கிள், நாளைக்குச் சொல்கிறேன்" என்று அவன் சொன்னால் கார்டு நாளை வரை அவன் கோப்பிலேயே இருக்கட்டும்.